ஹிக்கின்ஸ் பாகவதர்: சுற்றுலா வந்து பாட்டுக்காரர் ஆனவர் அல்ல

"சுற்றுலா வந்த ஒரு அமெரிக்கர், தற்செயலாகக் கச்சேரி கேட்டு மயங்கி, படிப்பில்லாமலே பாகவதர் ஆனார்" என்று ஜான் ஹிக்கின்ஸ் பற்றி ஒரு செய்தி வலம் வருகிறது. இது தவறு.

1939இல் மாசசூசெட்ஸில் பிறந்த அவர், கனெக்டிகட்டின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் முறையாக இசை பயின்றவர். கர்நாடக இசை அவருக்கு அறிமுகமானதே அங்கேதான். மிருதங்க வித்வான் தி. ரங்கநாதன் அங்கு ஆசிரியராக இருந்தார். அப்புறம்தான் அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் சென்னை வந்தார். ரங்கநாதனின் தம்பி, புல்லாங்குழல் மேதை தி. விசுவநாதனிடம் பாட்டு கற்றார். அவர்களின் அக்கா, பரதநாட்டிய மேதை பாலசரஸ்வதியிடமும் பயின்றார். வீணை தனம்மாள் வழிவந்த குடும்பம் அது! முனைவர் பட்ட ஆய்வுக்கு அவர் எடுத்த பொருள் பரதநாட்டிய இசை.

பிறகு டொரண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில் மிருதங்க வித்வான் திருச்சி சங்கரனுடன் சேர்ந்து 1971இல் இந்திய இசைப் படிப்பைத் தொடங்கினார். 1978இல் வெஸ்லியனுக்கே பேராசிரியராகத் திரும்பினார். 1984இல் சாலை விபத்தில் இறந்தார்.

மயங்கினார், சரி. ஆனால் வருடக்கணக்கில் குரு முன் உட்கார்ந்து பாடம் கேட்டதை அந்தச் செய்தி மறைப்பது எனக்குப் பொறுக்கவில்லை. சொல்லிக்கொடுத்தவர்களின் உழைப்பும் அதில் காணாமல் போகிறது.