பாலத்தில் உள்ளே கிடப்பது பழைய மீட்டர்கேஜ் இல்லை

ஆற்றுப் பாலத்தில் சரக்கு ரயில் தடம்புரண்ட படத்தைப் போட்டு, "உள்ளே கிடக்கிற ரெண்டும் கழற்றாமல் விட்ட மீட்டர்கேஜ் தண்டவாளம், அதில் சக்கரம் ஏறித்தான் கவிழ்ந்தது" என்று எழுதியிருக்கீங்க அண்ணே. அது தப்பு.

காரைக்குடிப் பக்கம் மீட்டர்கேஜில் போய்வந்த கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். அகலப்பாதையில் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே 1,676 மி.மீ. அதற்கு உள்பக்கம் இருபுறமும் 250 மி.மீ. தள்ளி (50 கூடலாம், குறையலாம்) காவல் தண்டவாளம் போடுவார்கள். தண்டவாளத் தலையின் அகலத்தையும் கழித்தால் நடுவில் சுமார் 1,040 மிஞ்சும். மீட்டர்கேஜ் 1,000. குழப்பம் அங்கேதான்.

ஒழுங்காக ஓடும் சக்கரம் இதைத் தொடவே தொடாது. தடம்புரண்ட சக்கரம் அந்த 250 மி.மீ. இடுக்கில் விழும், மேலும் விலகி, வண்டி கர்டரை (பாலத்தைத் தாங்கும் உத்திரம்) விட்டுச் சாயாமல் காவல் தண்டவாளம் தடுக்கும். அதன் தலை ஓடும் தண்டவாளத்தைவிட 25 மி.மீ.க்கு மேல் தாழ்ந்தால் பிடிமானம் குறையும்.

பாலத்துக்கு வெளியே போய்ப் பாருங்க: இரண்டும் நடுவில் குவிந்து, முனை கீழே வளைந்து புதைந்திருக்கும், தொங்கும் கப்ளிங் (பெட்டிகளை இணைக்கும் கொக்கி) மாட்டாதபடி ஒரு மரக்கட்டையும் இருக்கும். பழைய பாதைக்கு யார் இப்படி மெனக்கெடுவார்கள்?

காரணம் தேடினால் தேய்ந்த சக்கர விளிம்பு, உடைந்த ஸ்பிரிங், ஒருபக்கமாக ஏற்றிய பாரம், பாலம் தொடங்கும் இடத்தில் தண்டவாளம் தாழ்ந்து முறுக்கிக்கொள்வது, இவற்றைத்தான் முதலில் அளப்பார்கள்.