கிலோமீட்டருக்குக் காசு, காத்திருக்கிறவனுக்கு வெயில்

ஓசி டிக்கெட் கொடுத்ததால்தான் பஸ் ஒழுங்காக வருவதில்லை என்று எங்கள் வடசென்னை ஏரியா வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு பெரியவர் மறுபடியும் அருள்வாக்கு கொடுத்திருக்கிறார். அவர் புல்லட்டில் போகிறவர். மூலக்கடை ஸ்டாப்பிங்கில் கழுத்து வலிக்க எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர்களுக்குத்தானே எரியும்?

முதலில் அந்த ஓசிக் கதையை முடித்துவிடுகிறேன். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம். அந்த வருமானத்துக்கு ஈடாக அரசு போக்குவரத்துக் கழகங்களுக்கு மானியம் தருகிறது. நம் எல்லோருடைய வரிப்பணம் அது. காசிமேட்டில் விடியற்காலையில் மீன் எடுத்துக்கொண்டு கூடையோடு ஓடுகிற அக்காவும் சோப்பு வாங்கினால் வரி கட்டுகிறார். அப்புறம் என்ன ஓசி? நஷ்டத்துக்குக் காரணம் வேண்டுமா, இந்தாங்க: கட்டணம் கடைசியாக மாறியது 2018 ஜனவரியில். அப்போது டீசல் லிட்டர் 70 ரூபாய்க்குக் கீழே இருந்தது. அப்புறம் 90-ஐத் தாண்டிவிட்டது. கட்டணத்தை ஏற்றச் சொல்லவில்லை, சாமி. ஏற்றாமல் விட்டால் அந்தப் பள்ளத்தை அரசுதான் முழுசாக நிரப்ப வேண்டும் என்கிறேன். பாதி நிரப்பினால் பாதி பஸ்தான் வரும். லட்சம் பேருக்கு 60 பஸ் இருந்தால்தான் நல்ல சேவை என்று மத்திய நகர்ப்புற அமைச்சகமே அளவுகோல் வைத்திருக்கிறது. 2011 கணக்கெடுப்பிலேயே சென்னையும் சுற்றுப்புறமும் 86 லட்சம் பேர். 5,000 பஸ்ஸாவது வேண்டும். நம்மிடம் இருப்பது மூவாயிரத்துச் சொச்சம்.

எலக்ட்ரிக் பஸ் வந்துவிட்டதே என்பீர்கள். வந்தது, 2025 ஜூன் 30-ஆம் தேதி. முதல் 120 வண்டிகள் நம் வியாசர்பாடி டிப்போவிலிருந்துதான் கிளம்பின. தாழ்தள வண்டி, முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டாம், டீசல் புகை இல்லை. நல்ல விஷயம்தான். ஆனால் அதற்குக் காசு எப்படிப் போகிறது என்று குரூப்பில் யாராவது கேட்டீர்களா? வண்டி தனியாருடையது. டிரைவருக்குச் சம்பளம் தனியார் தருவது. கண்டக்டர் மட்டும் நம் கழகத்து ஆள். வசூல் முழுக்கக் கழகத்துக்கு. ஓட்டுகிற கம்பெனிக்கு, ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று ஒப்பந்தப்படி பணம், ஏ.சி. இல்லாத வண்டிக்கு 77 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல்.

இதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். வசூலை நம்பி ஓட்டச் சொன்னால் கூட்டம் உள்ள ரூட்டில் மட்டும் முட்டி மோதுவார்கள், கொடுங்கையூர் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். கிலோமீட்டர் கணக்கு என்றால் வசூல் குறைந்த ரூட்டிலும் வண்டி ஓடும். என் கோபமே வேறு. கழகத்தாரே, கிலோமீட்டரை எண்ணுகிறீர்கள், ஸ்டாப்பிங்கில் நிற்கிறவனை எண்ணுகிறீர்களா? வண்டி நிறைந்தாலும் காலியாகப் போனாலும் கம்பெனிக்கு ஒரே காசு. கழக ஊழியர்களுக்காவது கலெக்‌ஷன் பேட்டா என்று வசூலுக்கு ஏற்ற ஊக்கத்தொகை ஒன்று உண்டு. ஏற்றினால் அவர்களுக்கும் நாலு காசு. கம்பெனிக்கு ஆளை ஏற்றுவதற்கு என்ன அவசரம்? ஸ்டாப்பிங்கைத் தாண்டிப் போய் நிறுத்துவது, கூடையோடு ஓடிவருவதற்குள் எடுத்துவிடுவது, "பின்னாடி வண்டி வருது" என்று கை காட்டுவது, இதெல்லாம் எந்த வண்டி என்று நான் எழுதப்போவதில்லை. வடசென்னையில் எந்த ஸ்டாப்பிங்கில் வேண்டுமானாலும் போய் நின்று பாருங்கள்.

லண்டனிலும் பஸ் ஓட்டுவது தனியார் கம்பெனிகள்தான், அங்கும் டிக்கெட் காசு நகரத்துக்குத்தான். ஆனால் 2001-லிருந்து ஒப்பந்தத்தில் ஒரு கொக்கி போட்டிருக்கிறார்கள். அடிக்கடி பஸ் ஓடும் ரூட்டில், அட்டவணைப்படி காத்திருக்க வேண்டியதைவிடப் பயணி எவ்வளவு கூடுதலாகக் காத்திருந்தார் என்று அளக்கிறார்கள். குறைந்தால் போனஸ், கூடினால் பிடித்தம். மூன்று பஸ் ஒன்றன் பின் ஒன்றாக வந்துவிட்டு அப்புறம் வண்டியே காணோம் என்றால் கிலோமீட்டர் சரியாக இருந்தாலும் கம்பெனிக்கு அடி விழும். நம்மூரில் எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரி வரிசையில் மாட்டிக்கொண்டு வண்டிகள் கொத்தாக வந்து சேருமே, அதைச் சொல்கிறேன். சிங்கிள் கணக்கு, அதாவது எத்தனை நடை ஓடியது என்ற கணக்கு, சரியாக இருந்தால் போதுமா?

இப்போது எல்லா வண்டியிலும் ஜி.பி.எஸ். இருக்கிறது. எந்த வண்டி எந்த ஸ்டாப்பிங்கில் எத்தனை நொடி நின்றது என்று பார்க்க முடியும். கம்பெனிக்குப் பணம் போடும்போது அந்த விவரத்தையும் கணக்கில் எடுங்கள். எடுத்ததை மாதாமாதம், ரூட் வாரியாக எங்கள் கண்ணில் படும்படி போடுங்கள். நீங்கள் கம்பெனிக்குக் கொடுப்பது எங்கள் பணம்.

இதைக் குரூப்பில் போட்டேன். பெரியவர் உடனே, "அதான் மெட்ரோ விட்டாங்களே, அதில் போக வேண்டியதுதானே" என்கிறார். விம்கோ நகர் வரை விட்டார்கள், 2021-இல். எம்.கே.பி. நகர்க்காரன் அந்த மெட்ரோவைப் பிடிக்க முதலில் எதில் போவான் என்று கேட்டிருக்கிறேன். ப்ளூ டிக் விழுந்துவிட்டது, பதிலைக் காணோம்.