தமிழ்ப் பல்கலைக்கழகம் யாருக்கும் கிளை இல்லை

மேலே ஒரு தம்பி, தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகம் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் ஒரு கிளைதான், பெயரில் மட்டும்தான் பல்கலைக்கழகம் என்று எழுதியிருக்கிறார். தப்பு.

தமிழ்ப் பல்கலைக்கழகம் 1981 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. எம்.ஜி.ஆர். ஆட்சிக்காலம், முதல் துணைவேந்தர் வ.அய். சுப்பிரமணியம். அதற்கெனத் தனிச் சட்டமே உண்டு. பாரதிதாசன் வந்தது 1982இல். அதற்கு முன் அது சென்னைப் பல்கலைக்கழகத்தின் திருச்சி முதுகலை மையமாக இருந்தது. அப்படியென்றால் ஒரு காலத்தில் கிளையாக இருந்தது எது என்று தம்பியே சொல்லட்டும்!

குழப்பம் எங்கே வருகிறது என்பதும் புரிகிறது. தஞ்சையிலேயே இருக்கும் சரபோஜி கல்லூரி, குந்தவை நாச்சியார் கல்லூரி இரண்டும் பாரதிதாசனோடு இணைந்தவை. பட்டச் சான்றிதழில் அந்தப் பெயர்தான் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு வல்லம் பக்கம் இருக்கும் தமிழ்ப் பல்கலைக்கழக வளாகத்தையும் அதே கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள்.

பாரதிதாசன் பெரியதுதான், அதன்கீழ் கல்லூரிகள் ஏராளம், மறுக்கவில்லை. தமிழ்ப் பல்கலைக்கழகம் ஆராய்ச்சிக்காக உண்டானது. கல்வெட்டியல், ஓலைச்சுவடி, நாட்டுப்புறவியல் என்று துறைகளே வேறு. அங்கே முனைவர் பட்டம் வாங்கினால் சான்றிதழில் தமிழ்ப் பல்கலைக்கழகம் என்றுதான் இருக்கும். சரி, அந்தப் பதிவைத் திருத்திவிடுங்கள் தம்பி, சேர்க்கை நேரத்தில் பிள்ளைகள் படித்துக் குழம்புவார்கள்.