"அம்மாகிட்ட சொல்லிடாதேக்கா"

போன வாரம் ஒரு ராத்திரி பதினொரு மணிக்குச் சித்தி மகள் வீடியோ காலில் வந்தாள். நெற்றி மட்டும் தெரிகிற மாதிரி போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள். "அக்கா, அம்மாகிட்ட சொல்லிடாதேக்கா" என்றாள். என்னடி ஆச்சு என்று கேட்டதற்கு அழுகைதான் வந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் போனை இறக்கினாள். மேலுதட்டின் வலது பாதி உப்பிக் கிடந்தது, இடது பாதி அதில் பாதிகூட இல்லை. முந்தின நாள் மதியம் லிப் ஃபில்லர், அதாவது உதட்டை எடுப்பாகக் காட்ட ஊசியில் ஏற்றும் ஜெல், போட்டுக்கொண்டிருக்கிறாள்.

நான் முதலில் கேட்டது இரண்டே விஷயம். வலி நேரம் ஆக ஆகக் கூடுகிறதா? உதட்டிலோ அதைச் சுற்றியோ எங்காவது வெள்ளையாக வெளுத்தோ, வலை வலையாக ஊதா நிறத்திலோ இருக்கிறதா? விளக்கைப் போடச் சொல்லி, உதட்டை விரலால் லேசாக அழுத்தி விடச் சொன்னேன். அழுத்தியதில் வெளுத்த இடத்தில் உடனே சிவப்பு திரும்பியது. ஊசி போன இடங்களில் மட்டும் கன்றிப் போயிருந்தது. அப்பாடா என்று இருந்தது. ஆனாலும் நான் டாக்டர் இல்லை, அதனால் ஊசி போட்டவருக்கே போட்டோ அனுப்பி, போனும் செய்யச் சொன்னேன். செய்தாள். அவரும் பயப்பட ஒன்றுமில்லை, வீக்கம்தான், காத்திருங்கள் என்று சொல்லியிருக்கிறார்.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று அவள் கேட்டாள். இரண்டு வருடமாக வீட்டில் மூன்று பேருக்கு மட்டும் தெரிந்த விஷயத்தை அவளிடம் சொன்னேன். இப்போது இங்கேயும் எழுதுகிறேன்.

ஏழு வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து மேலுதடு கிழிந்தது. மூன்று தையல். ஆறியபோது இடது பக்கம் உள்ளே இழுத்துக்கொண்டது. பேசும்போது தெரியாது, சிரித்தால் தெரியும். பள்ளிக்கூட குரூப் போட்டோக்கள் எல்லாவற்றிலும் வாயை மூடிக்கொண்டுதான் நிற்கிறேன். 33 வயதில், சொந்தச் சம்பாத்தியத்தில், சென்னையில் ஒரு கிளினிக்கில் ஒரு எம்எல் ஃபில்லர் போட்டுக்கொண்டேன். 22,000 ரூபாய். அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. தழும்பைப் பற்றி அங்கே யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முதல் மூன்று நாள் வீங்கித்தான் இருந்தது. அது எல்லோருக்கும் வரும். வீக்கம் வடிந்த பிறகு பார்த்தால் வலது பக்கம் மெத்தென்று எழும்பி நின்றது. இடது பக்கம் தழும்பு இருந்த இடம் அப்படியே பள்ளமாக இருந்தது, அதன் ஓரத்தில் உள்பக்கமாக ஒரு உருண்டை. நாக்கால் தொட்டால் வெந்த ஜவ்வரிசி ஒன்று தோலுக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். வழவழவென்று, அழுத்தினால் நழுவும். காலையில் காபி டம்ளரின் விளிம்பு அதில் படும்போதெல்லாம் வயிற்றைப் பிசையும். நாள் முழுக்க நாக்கு அங்கேயே போய் நிற்கும்.

மூன்று வாரம் யாரிடமும் சொல்லவில்லை. ஆபீஸில் மாஸ்க் போட்டுக்கொண்டு, சளி என்று சொன்னேன். கிளினிக்குக்குக்கூடப் போகவில்லை. போனால் வீட்டில் எங்கே போகிறாய் என்று கேட்பார்கள். சொன்னால் என்ன பதில் வரும் என்றும் தெரியும். "நல்லாத்தானே இருந்தே, உனக்கு ஏன் இந்த வேலை?" கடைசியில் அம்மாவிடம் சொன்னபோது அச்சு அசலாக அதே வார்த்தைகள்தான் வந்தன. அம்மா கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் எத்தனையோ பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு அறைக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

என் உருண்டை காத்திருக்கக்கூடியது. எல்லாமே அப்படியில்லை. உதட்டுக்குள் ஓடும் ரத்தக் குழாய்க்குள் அந்த ஜெல் போய்விட்டாலோ, வெளியிலிருந்து குழாயை நெரித்தாலோ, அந்தப் பகுதிக்கு ரத்தம் போகாது. தோல் வெளுக்கும், வலி கடுமையாகும், பிறகு ஊதா வலைபோல் படரும். கவனிக்காமல் விட்டால் திசு செத்துப்போகும். முகத்து ரத்தக் குழாய்களுக்கும் கண்ணின் குழாய்களுக்கும் தொடர்பு இருப்பதால், மிக அபூர்வமாகப் பார்வையே போன சம்பவங்களும் உண்டு. அங்கே மணிக்கணக்குதான், நாள்கணக்கு கிடையாது. அந்த நேரத்தில் ஒரு பெண் "அம்மாகிட்ட எப்படிச் சொல்றது" என்று யோசித்து விடியும்வரை காத்திருந்தால்? இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு பயத்தால்தான்.

மூன்றாவது வாரம் கிளினிக்குக்குப் போன் செய்தேன். "இன்னும் அரை எம்எல் போட்டா சமமாயிடும் மேடம், 12,000 ஆகும், நாளைக்கே வாங்க" என்றார்கள். என் உதட்டைப் பார்க்காமலே சொன்னார்கள். எனக்கு இன்றுவரை ஆறாத கோபம் இதில்தான். ஏறுமாறாக இருப்பதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். ஒரு பக்கம் வீக்கம் இன்னும் வடியாமல் இருக்கலாம். ஜெல் ஒரே இடத்தில் திரண்டிருக்கலாம். உதட்டுக் கோட்டைத் தாண்டி மேலே மீசை இருக்கும் இடத்துக்கு நகர்ந்திருக்கலாம். பிறவியிலேயே இரண்டு பக்கமும் ஒரே அளவில் இல்லாமல் இருந்திருக்கலாம், யாருக்குமே முகம் இரண்டு பக்கமும் ஒன்றாக இருப்பதில்லை. இதில் எது என்று பார்க்காமல் மேலே மேலே ஊற்றுவது சிகிச்சை ஆகாது. நகர்ந்துபோன ஜெல்லின் மேல் இன்னும் ஜெல் போட்டால் அது இன்னும் நகரும்.

நல்லவேளை, நாளைக்கே வரவில்லை என்று சொல்லிவிட்டேன். வேறொரு தோல் மருத்துவரிடம் போனேன். அந்தம்மா ஊசியை எடுக்கவே இல்லை. கையுறை போட்டு உதட்டின் உள்ளும் புறமும் தடவிப் பார்த்தார். என் பழைய போட்டோக்களைக் கேட்டார். தழும்பைத் தொட்டு, "இது எப்போ பட்டது?" என்று கேட்டார். தழும்புத் திசு கெட்டியானது, அடியோடு ஒட்டிக்கொண்டிருக்கும், ஜெல் அதற்குள் போகாமல் இளகிய பக்கமாகத் தள்ளிக்கொண்டு போய்விடும் என்று விளக்கினார். அவ்வளவுதான் விஷயம். முதல் நாளே யாராவது ஒரு நிமிடம் செலவழித்திருந்தால் தெரிந்திருக்கும்.

அப்புறம் கரைக்கும் மருந்தைப் பற்றிச் சொன்னார். இன்று பெரும்பாலும் போடப்படும் ஃபில்லர் ஹையலூரோனிக் அமிலம். நம் தோலிலும் மூட்டிலும் கண்ணிலும் இயற்கையாகவே இருக்கிற பொருள்தான். 1934ல் கார்ல் மேயரும் ஜான் பாமரும் அதை மாட்டின் கண்ணிலிருந்து பிரித்தெடுத்தார்கள். ஃபில்லரில் அதைச் சீக்கிரம் கரையாதபடி பிணைத்து ஜெல்லாக ஆக்கியிருப்பார்கள். அதை வெட்டிக் கரைக்கும் நொதிதான் ஹையலூரோனிடேஸ். கண்புரை அறுவை சிகிச்சையில் மரத்துப்போகச் செய்யும் ஊசியோடு இதைச் சேர்த்துப் போடும் பழக்கம் பல காலமாக உண்டு. இதைக் கேட்டதும் எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது. ஆனால் சிலிகான் போன்ற நிரந்தரப் பொருள்களை இந்த மருந்தால் கரைக்க முடியாது. அதனால்தான் சிரிஞ்சில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வது அவ்வளவு முக்கியம்.

"தேனீ, குளவி கொட்டி எப்பவாவது உடம்பெல்லாம் வீங்கியிருக்கா?" என்று அவர் கேட்டபோது எனக்குப் புரியவில்லை. தேனீயின் விஷத்திலும் இதே வகை நொதி இருக்கிறதாம், அந்த ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இந்த மருந்தும் ஒத்துக்கொள்ளாமல் போகலாமாம். முன்கையில் துளி மருந்து ஏற்றி, இருபது நிமிடம் உட்கார வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உதட்டில் போட்டார். எரிந்தது. பொய் சொல்லவில்லை, ஃபில்லரைவிட இது நன்றாக எரிந்தது. மறுநாள் காலையில் வீங்கியிருந்தது. மூன்றாம் நாள் பல் தேய்க்கும்போது நாக்கு தானாக அந்த இடத்துக்குப் போனது. ஜவ்வரிசி இல்லை. வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் எதுவும் செய்யாமல் விட்டார். பிறகு இரண்டு தடவையாக, கொஞ்சம் கொஞ்சமாக, தழும்புப் பக்கம் மட்டும் ஃபில்லர் போட்டார். இப்போதும் மில்லிமீட்டர் கணக்கில் வித்தியாசம் இருக்கிறது. எனக்குப் போதும்.

செல்ஃபி விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த மூன்று வாரத்தில் ஒரு நாளைக்கு நாற்பது போட்டோவாவது எடுத்திருப்பேன், பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பேன். ஒரு அடி தூரத்திலிருந்து எடுக்கும் செல்ஃபியில் மூக்கு ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018ல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். மூக்குக்கு அடுத்து இருக்கிற உதடு மட்டும் தப்புமா? அதை வைத்து ஒரு முடிவுக்கும் வராதீர்கள். ஒரே இடம், ஒரே வெளிச்சம், ஐந்தடி தள்ளி வேறு யாராவது எடுத்த படம், வாரம் ஒன்று. டாக்டரிடம் காட்டவும் அதுதான் உதவும்.

போட்டுக்கொள்ளப் போகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். ஹையலூரோனிடேஸ் இந்த கிளினிக்கில் இப்போது கையிருப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். வாங்கித் தருகிறோம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். டப்பாவை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள், பெயர், பேட்ச் எண், காலாவதி தேதியைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஊசி போடுபவர் டாக்டர்தானா, பதிவு எண் என்ன என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம். பார்லரில் ஊசியே இல்லாத பேனா மாதிரிக் கருவியை வைத்து ஃபில்லரை உள்ளே அடிக்கிறார்களே, அதைத் தொடவே தொடாதீர்கள். 2021ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே அதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு செய்யும் மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே சொல்லிவிட்டது. அதனால் பில், ஒப்புதல் படிவம் எதையும் தூக்கிப் போட வேண்டாம்.

2025 ஜூலையில் நடிகை உர்ஃபி ஜாவேத், சரியான இடத்தில் விழாத தன் லிப் ஃபில்லரைக் கரைத்துக்கொண்டு, வீங்கிய முகத்தை அப்படியே வீடியோவாகப் போட்டார். கீழே எவ்வளவு கேலி! நான் கரைத்துக்கொண்ட பிறகுதான் அந்த வீடியோ வந்தது, ஆனாலும் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. கரைத்தால் முதலில் இப்படித்தான் வீங்கும் என்று யாராவது எனக்கு முன்கூட்டியே காட்டியிருந்தால் அந்த ஒரு ராத்திரி தூங்கியிருப்பேன்.

இன்னொன்று. என் தழும்புக் கதையைக் கேட்டவர்கள் உடனே இறங்கி வந்துவிடுகிறார்கள். "ஓ, அதுக்காகவா, அப்போ சரி" என்கிறார்கள். அந்த "அப்போ சரி" எனக்கு வேண்டாம். சித்தி மகளுக்குத் தழும்பு கிடையாது. உதடு கொஞ்சம் பெரிதாக இருந்தால் பிடிக்கும் என்று போட்டாள், அவ்வளவுதான். அவளுக்கு வலித்தால் அதுவும் வலிதான். என்னைவிட அவளுக்கு ஒரு துளி குறைவாகப் பரிவு காட்ட எந்த நியாயமும் இல்லை.

பதினாலு நாள் கழித்துத்தான் எதையும் முடிவு செய்ய வேண்டும் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். நீயாகப் பிசையாதே, சூடு வைக்காதே, யார் சொன்னாலும் இன்னொரு ஊசி போடாதே என்றும் சொன்னேன். அம்மாவிடம் சொல்வது உன் இஷ்டம், ஆனால் ராத்திரியில் ஏதாவது ஆனால் பக்கத்து அறையில் இருப்பது அவர்தான் என்றேன். உம் கொட்டினாள்.

நேற்றுக் காலையில் சித்தியிடமிருந்து போன். எடுக்கும்போதே நெஞ்சு அடித்துக்கொண்டது. சித்தி திட்டவில்லை, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "ஏண்டி, ஐஸை நேரா வைக்கலாமா, துணியில சுத்தித்தான் வைக்கணுமா?"