தோட்டாவில் பாதி வெடிமருந்து போட்டால் பாதுகாப்பு ஆகிவிடாது

தம்பி, “.308 ரைஃபிள் தோட்டாவில் 110 கிரெயின் (எடை அளவு) குண்டை வைத்து, எந்த வெடிமருந்தானாலும் பாதி போடுங்கள், குறைந்தால் ஆபத்தே இல்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். டர்பனில் புதிதாகத் தோட்டா நிரப்பப் பழகும் பையன்கள் இதைப் படிப்பார்கள், தயவுசெய்து மாற்றுங்கள்.

தென்னாப்பிரிக்க சோம்செம் நிறுவனத்தின் எஸ்365, எஸ்385 போன்ற மெதுவாக எரியும் மருந்தை, நிறுவனம் தரும் அளவுப் பட்டியலின் தொடக்க அளவுக்குக் கீழே கொண்டுபோகவே கூடாது. தோட்டாவின் உலோக உறைக்குள் மருந்து படுத்துக்கிடக்கும், தீ சீராகப் பிடிக்காது. குண்டு குழலில் சிக்கலாம், சில வேளை அழுத்தம் திடீரென எகிறித் துப்பாக்கியே உடையும்.

குறைப்பதற்கென்றே வழி உண்டு. எச்4895 என்ற மருந்துக்கு அதை விற்கும் அமெரிக்க நிறுவனமான ஹாட்ஜ்டன் சொல்லும் கணக்கு: அதே குண்டுக்கான உச்ச அளவில் 60 சதவீதம். உச்சம் 40 கிரெயின் என்றால் 24, அதற்குக் கீழே இறங்காதீர்கள். இந்தக் கணக்கை வேறு மருந்துக்குப் பொருத்தாதீர்கள்.

சிறிய அளவு உறையில் பாதிகூட நிரம்பாததால் இரண்டு முறை ஊற்றினாலும் வெளியே தெரியாது. குண்டு வைக்குமுன் டார்ச் அடித்து எல்லா உறையிலும் மருந்து ஒரே மட்டமா என்று பாருங்கள். சுட்ட பிறகு உறைக் கழுத்தில் கரி படிந்திருந்தால் அழுத்தம் குறைவு என்று பொருள்.

வெடி ‘டப்’பென்று மந்தமாகக் கேட்டால் அடுத்ததைச் சுடாதீர்கள். குழலை இலக்குப் பக்கமே 30 விநாடி வைத்திருந்து, போல்ட்டை (குழலின் பின்பக்கத்தை அடைக்கும் பூட்டை) கழற்றிக் குழலுக்குள் கம்பி விட்டுப் பாருங்கள்.