மூணாவதா வந்தவன் தோத்தவனா அண்ணே?

எந்தப் பதிவைச் சொல்கிறேன் என்று இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். தெரியாதவர்கள் தேட வேண்டாம், ஒன்றும் குறைந்துவிடாது. "பென் ஸ்டேட் குஸ்தி சாம்பியனாம். பத்துப் பேர் போய் ரெண்டு பேர்தான் ஜெயிச்சானுங்க. மீதி எட்டுத் தோல்விக்கும் சேர்த்துக் கோப்பை!" கூடவே நாலு சிரிப்புப் பொம்மை. பென் ஸ்டேட் என்பது ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழக அணி. கண்டுகொள்ளாமல் விடலாம் என்று இரண்டு நாள் பார்த்தேன். முடியவில்லை.

முதலில் கணக்கு அண்ணே. கணக்கில் நீங்கள் புலி என்று ஊருக்கே தெரியும்.

2025 மார்ச், பிலடெல்பியா, அமெரிக்கக் கல்லூரிகளுக்கான தேசிய குஸ்திப் போட்டி. 125 பவுண்டிலிருந்து 285 வரை பத்து எடைப் பிரிவு, பிரிவுக்கு ஓர் ஆள், எல்லாருடைய புள்ளியையும் கூட்டித்தான் அணிக்குக் கோப்பை. முதலிடத்துக்கு 16 புள்ளி, மூன்றாமிடத்துக்கு 10, எட்டாவதாக வந்தாலும் 3. ஜெயித்து முன்னேறும் ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம், எதிராளியை முதுகு பதிய அமுக்கினால் கூடுதலாக 2. எல்லாரையும் அப்படியே அமுக்கிப் பட்டம் வாங்கினாலும் ஒருவர் அணிக்குக் கொண்டுவர முடிவது 30. அந்த "ரெண்டு பேர்", அதாவது மிட்செல் மெசன்பிரிங்கும் கார்ட்டர் ஸ்டாரோச்சியும், ஆளுக்கு 30 கொண்டுவந்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். கொண்டுவரவில்லை. ஸ்டாரோச்சி இறுதிப் போட்டியில் 4-3 என்று ஒரே புள்ளியில்தான் தப்பினார். பரவாயில்லை, 60 எழுதிக்கொள்ளுங்கள். அணியின் மொத்தம் 177. மீதி 117. இரண்டாமிடம் வந்த நெப்ராஸ்காவின் முழு அணியும் சேர்ந்து எடுத்தது எவ்வளவு தெரியுமா? அதே 117.

அந்த நெப்ராஸ்காவுக்கும் இரண்டு தனிநபர் பட்டம் உண்டு. ஓக்லஹோமா ஸ்டேட்டுக்கும் இரண்டு. மூன்று அணிக்கும் ஆளுக்கு இரண்டு முதலிடம். அப்புறம் 60 புள்ளி வித்தியாசம் எங்கிருந்து வந்தது? நீங்கள் சிரித்த அந்த எட்டுப் பேரிடமிருந்துதான். பத்துப் பேரும் முதல் எட்டு இடத்துக்குள் வந்து ஆல் அமெரிக்கன் ஆனார்கள். 2001-இல் மினசோட்டாவுக்கும் பத்துப் பேர் அப்படி வந்தார்கள். அதில் ஒருவர்கூட இறுதிப் போட்டிக்கே போகவில்லை, கோப்பை அவர்களுக்குத்தான். உங்கள் கணக்குப்படி அது பத்துத் தோல்வி.

இந்த ஆட்டத்தில் தோற்றவனை உடனே வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். அந்தப் பக்கம் தோற்றவர்களுக்கென்று, மூன்றாமிடம் வரைக்கும் போராட, இன்னொரு போட்டி வரிசை ஓடும். வெள்ளிக்கிழமை ராத்திரி அரையிறுதியில் தோற்றவன், பட்டம் கைவிட்டுப் போனது தெரிந்தே, மறுநாள் காலையில் எழுந்து திரும்ப எடை காட்டி, திரும்பக் களத்தில் இறங்க வேண்டும். லெவி ஹெய்ன்ஸ் முந்தைய வருட சாம்பியன். பதினேழு பவுண்டு மேலே ஏறி 174-இல் ஆடினார், அரையிறுதியில் தோற்றார், சனிக்கிழமை வந்து மூன்றாமிடத்தை எடுத்துக்கொண்டு போனார். 2024-இல் டைலர் கசாக் என்று முதல் வருடப் பையன், முதல் போட்டியிலேயே காலி. அதற்குப் பிறகு வரிசையாக ஏழு பேரைச் சாய்த்து மூன்றாவதாக வந்தான். ஏழு பேர் அண்ணே! சாம்பியனுக்கே ஐந்து ஜெயித்தால் போதும்.

"பணக்கார அணி, நல்ல பையன்களை எல்லாம் வளைத்துப் போட்டுவிட்டார்கள்" என்று யாராவது வருவீர்கள். வளைத்துப் போட்டார்கள்தான். மேலே போவோம்.

"பயிற்சியாளர் கேல் சாண்டர்சனே கல்லூரியில் 159 போட்டியும் ஜெயித்து ஒன்றுகூடத் தோற்காதவர், அவருக்கு மூன்றாமிடத்தின் அருமை எப்படித் தெரியும்?" இது நல்ல கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டேன் கேபிள் என்ற அமெரிக்க குஸ்தி வீரரைப் பாருங்கள். 1970-இல் கல்லூரி வாழ்க்கையின் கடைசிப் போட்டியில் தோற்றார், அங்கே அவருடைய ஒரே தோல்வி. இரண்டு வருடத்தில் மியூனிக் ஒலிம்பிக்கில் ஒரு புள்ளிகூட விடாமல் தங்கம். பிறகு அயோவா பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சியாளராக 15 பட்டம். உங்கள் பதிவு அன்றைக்கு இருந்திருந்தால் அவருக்கும் நாலு சிரிப்புப் பொம்மை கிடைத்திருக்கும்.

"குஸ்திக்கு ஏன்யா இவ்வளவு கோபம், சொந்த விஷயமா?" ஆமாம், சொந்த விஷயம்தான்.

ஒன்பதாம் வகுப்பில் மாவட்டப் போட்டியில் நான் மூன்றாமிடம். காது வீங்கி, சான்றிதழைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, டவுன் பஸ்ஸில் நின்றபடியே வந்தேன். அப்பா வாங்கிப் பார்த்துவிட்டு, "மூணாவதா? மொத்தமே மூணு பேருதானா?" என்றார். ஒன்பது பேர். சொன்னேன், காதில் வாங்கவில்லை. அந்த ஜோக் என் கல்யாணம் வரைக்கும் ஓடியது. பெண் பார்க்கப் போன வீட்டிலும் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அப்பாவைக் குறை சொல்லவில்லை. அவருக்கு முதல் ராங்க் தவிர வேறு நம்பர் தெரியாது. பிளஸ் டூவில் எதிர்வீட்டுப் பையனைவிட 11 மார்க் குறைந்ததற்கு நான்கு நாள் என்னிடம் பேசவில்லை.

சரி, அதை விடுங்கள். அது முப்பது வருடப் பழங்கதை.

போன மாதக் கதை வேறு. என் மகன் பள்ளிப் போட்டியில் ஐந்தாவதாக வந்தான். இரண்டு தோல்விக்கு நடுவில் மூன்று வெற்றி. மெடலைக் கழற்றாமலே ஒரு பிறந்தநாள் விழாவுக்கு வந்தான். அங்கே ஒருவர் தட்டில் வடையை வைத்துக்கொண்டு, "ஏன்டா, அஞ்சாவதுக்கெல்லாம் மெடல் தர்றாங்களா உங்க ஊர்ல?" என்று கேட்டுச் சிரித்தார். பாசத்தில்தான் கேட்டார், எனக்குத் தெரியும். பையனும் சிரித்தான். வீட்டுக்கு வந்து மெடலை மேசை டிராயரில் போட்டு மூடினான். இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

அந்த ஒருவர் யாரென்று நான் சொல்லப் போவதில்லை. வடை நன்றாக இருந்ததா அண்ணே?

இதைப் படித்துவிட்டு "தம்பி, சும்மா விளையாட்டுக்குப் போட்டேன்" என்று உள்பெட்டியில் வருவீர்கள். வாருங்கள், பேசுவோம். உங்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை. அந்தப் பதிவுக்கு ஹார்ட்டின் போட்ட 42 பேரையும் ஒன்றுவிடாமல் பார்த்தேன். மூன்றாவது பெயர் என் மச்சானுடையது.