ஈரத் துணியால் சட்டியைப் பிடிக்காதீர்கள்

கரித்துணியை நனைத்துக்கொண்டு பாத்திரத்தை இறக்கினால் கை சுடாது என்று சிலர் சொல்கிறார்கள். விஷயம் நேர்மாறு. பருத்தித் துணி கையைக் காப்பதே நூலிழைகளுக்கு நடுவே நிற்கும் காற்றால்தான். நனைத்தால் அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். தண்ணீரோ காற்றைவிட 20 மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்தும். முதல் ஓரிரு நொடி குளிர்ச்சியாகத் தெரிவதுதான் ஆளை ஏமாற்றுகிறது. குழம்புச் சட்டியைப் பாதி தூரம் தூக்கியிருப்போம், அப்போது சுரீரென்று சுடும். கீழே போடவும் முடியாது. எண்ணெய் காய்ந்த கடாய் என்றால் கேட்கவே வேண்டாம், துணியிலிருந்து கிளம்பும் ஆவியே விரலைப் பொசுக்கிவிடும்.

காய்ந்த துணியை நாலாக மடித்துப் பிடியுங்கள், இல்லாவிட்டால் இடுக்கி. தொங்கும் முனையை உள்ளே மடித்துவிடுங்கள், அடுப்புத் தீ பற்றிக்கொள்ளும்.

ஈரத் துணிக்கு வேறு வேலை உண்டு: இட்லித் தட்டில் விரிக்கலாம், முறுக்கு மாவு காயாமல் மூடலாம், காய் நறுக்கும் பலகை வழுக்காமல் அடியில் போடலாம். அப்புறம், மீன் கழுவிய மேடையைத் துடைத்த துணியை இட்லிக்கு எடுக்காதீர்கள், சரியா? அதற்கென்று தனியாக ஒரு வெள்ளைத் துணி வைத்துக்கொள்ளுங்கள்.